சரவிளக்கைக் கழற்றிய வாரம்

"இப்பச் சத்தம் வராம பேசுங்க சார்" என்றார் எங்கள் வீட்டு விளக்குகளைப் பார்க்க வந்திருந்த ஜெசிந்தா.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பம்புசெட் பட்டறை நடத்துகிறவர். மோட்டார் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே பேசப் பழகியவர். எங்கள் வீட்டில் அவர் தண்ணீர் கேட்டால் எதிர்வீட்டில் ஒரு சொம்பு நிரம்பும். அவரிடம் போய் இப்படிக் கேட்டால் என்ன செய்வார்?

"சத்தம் வராம எப்புடிங்க பேசறது?"

"வாயை மட்டும் அசைங்க. நீங்க என்ன சொல்றீங்கன்னு டீச்சர் கண்டுபிடிக்கட்டும்."

பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் நான், எதிரே அவர். தலைக்கு மேலே நான் ஆசை ஆசையாக வாங்கி மாட்டிய கண்ணாடிச் சரவிளக்கு. அவர் முதுகுக்குப் பின்னால் திரையில்லாத பெரிய ஜன்னல்.

அவர் வாயை அசைத்தார். எனக்கு வழுக்கை தெரிந்தது. நெற்றி தெரிந்தது. மூக்கின் நுனி பளபளத்தது. மீசைக்குக் கீழே இருட்டு. போதாதற்கு, பின்னால் ஜன்னல் கண்ணாடியில் இன்னொரு சரவிளக்கு மின்னிக்கொண்டிருந்தது. கண் தானாக அங்கே ஓடியது.

"மறுபடி சொல்லுங்க."

மறுபடி அசைத்தார். மூன்றாம் தடவையும் அசைத்தார்.

"பழனிக்குப் போலாமான்னு கேக்கறீங்களா?"

"ரசத்துல உப்பே இல்லைன்னு சொன்னேன்!" என்று அவருடைய வழக்கமான குரலில் போட்டு உடைத்தார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"நீங்க உட்கார்ந்திருக்கறது யாரோட நாற்காலிங்க டீச்சர்?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. அது என் மருமகள் மேகலாவின் நாற்காலி. மூன்று வாரத்துக்கும் மேலாகக் காலியாக இருந்த நாற்காலி.

மண்டபம் மாதிரி ஒரு வீடு

அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி நாங்கள் வீடு கட்டிய கதையை முன்பே ஓர் அத்தியாயத்தில் எழுதிவிட்டேன். ஆனால் விளக்குகளைப் பற்றி அப்போது வாயைத் திறக்கவில்லை. அதில் என் தப்பு நிறைய இருக்கிறது, அதனால்தான்.

பட்டறையை ஒட்டியிருந்த வாடகை வீட்டில் வெகுகாலம் இருந்தோம். அங்கே பகலிலேயே விளக்குப் போட்டால்தான் அரிசியில் கல் தெரியும். புது வீட்டுக்கு அவர் வைத்த ஒரே நிபந்தனை இதுதான்: "ஊடு கல்யாண மண்டபம் மாதிரி பளபளன்னு இருக்கோணும். ஒரு மூலைகூட இருட்டா இருக்கப்படாது."

மேல்தளத்துக்குக் கீழே இன்னொரு பொய்த்தளம் அடித்து, அதில் வரிசையாக ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு விளக்கைப் பதித்தார்கள். எல்லாம் வெள்ளை வெளிச்சம். தரையில் பளிங்கு மாதிரி டைல்ஸ். ஸ்விட்சைத் தட்டினால் மேலே ஒரு வரிசை விளக்கு, காலடியில் ஒரு வரிசை விளக்கு. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே பாராட்டினார்கள். அவர்கள் ஏன் கண்ணைச் சுருக்கினார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

சரவிளக்கு மட்டும் முழுக்க முழுக்க என் ஏற்பாடு. கடையில் அது தொங்கிய அழகைப் பார்த்து, அதன் கீழே நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவதாக ஒரு படம் மனதில் விழுந்துவிட்டது. நகை வாங்கும்போதுகூட எனக்கு அப்படி ஒரு படபடப்பு வந்ததில்லை.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நான் பிளஸ் டூ பெண்களுக்கு இயற்பியல் நடத்தியவள். ஒளி எங்கே பட்டு எப்படித் திரும்பும், நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கரும்பலகையில் கோடு போட்டுப் போட்டு என் வலது தோள்பட்டை தேய்ந்திருக்கிறது. அந்தக் கோடுகளில் ஒன்றுகூட என் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரவில்லை.

நர்ஸ் அக்காவின் மேசை விளக்கு

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முதல் வேலை வால்பாறையில். எஸ்டேட் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். தங்குவதற்கு ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா ஒருவரோடு பகிர்ந்துகொண்டேன். கூரை நடுவில் மொட்டையாக ஒரு பல்பு தொங்கும். அதன் கீழே உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினால் என் தலை நிழலே தாளில் விழுந்து, சரியான விடைக்கெல்லாம் தப்புப் போட்டிருக்கிறேன்.

அக்கா டியூட்டி முடிந்து வந்ததும் முதல் காரியமாக அந்தப் பல்பை அணைப்பார். தன்னிடமிருந்த தகர மேசை விளக்கை எடுத்து, அதன் கழுத்தைத் திருப்பிச் சுண்ணாம்புச் சுவரைப் பார்க்க வைப்பார். சுவர் முழுக்க வெளிச்சம் பரவி, அங்கிருந்து அறைக்குள் வரும். வெளியே மூடுபனி, கதவிடுக்கில் ஈரக் காற்று, உள்ளே மட்டும் யாரோ அடுப்பு மூட்டி வைத்த மாதிரி ஒரு கதகதப்பு. அந்த விளக்கால் சூடு வந்திருக்கவே முடியாது. ஆனாலும் நான் ஸ்வெட்டரைக் கழற்றியிருக்கிறேன்.

"நோயாளி கண்ணுல நேரா லைட் அடிச்சா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க டீச்சர்" என்பார் அக்கா. "சுவத்துல அடிச்சுப் பாருங்க, தானாப் பேச ஆரம்பிச்சுருவாங்க."

இதைக் கேட்டு வியந்தேன், அவ்வளவுதான். வீடு கட்டும்போது ஞாபகம் வந்திருக்க வேண்டாமா?

பகல் மேகலா, மாலை மேகலா

மேகலா என் மகன் பிரபு தேடிக்கொண்ட பெண். ஊர் சென்னிமலை. அப்பா அம்மாவுக்குக் கைத்தறிப் பெட்ஷீட் தொழில். அவள் இங்கே ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் திரைச்சீலைக்கும் மெத்தை விரிப்புக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் வரைகிறாள். அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பிரபு இருந்தபோது பழக்கம்.

ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. அதற்குள் பேச்சு வந்துவிட்டதால் நன்றாகப் பேசுவாள். குரலில் ஏற்ற இறக்கம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். காதில் மெஷின் வைத்திருக்கிறாள். யாரோ பேசுகிறார்கள் என்பது அதில் தெரியுமாம், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாதாம். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். பெண் பார்க்கப் போன அன்றே அதைச் சொல்லிவிட்டாள். "என் மூஞ்சியப் பார்த்துப் பேசுனாப் போதுங்க அத்தை. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

எனக்கு அவளைப் பிடித்துப் போனது அந்த வாக்கியத்தால்தான்.

கல்யாணமான புதிதில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். காலையில் அவள் கலகலவென்று இருப்பாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஆபீஸ் கதையெல்லாம் சொல்வாள். தோட்டத்தில் அவள் மாமனாரோடு நின்று மாதுளைச் செடிக்கு என்ன நோய் என்று ஆராய்ச்சி நடத்துவாள். பொழுதோட, அதாவது சாயங்காலம், வேலை முடிந்து வந்தால் வேறு பெண். மேசையில் உட்காருவாள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிரிப்புச் சிரிப்பாள், நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். நாங்கள் சிரித்தால் அவளும் சிரிப்பாள், ஆனால் ஒரு கணம் பிந்தி.

"களைச்சுப் போயி வருதுல்ல, உடு" என்பார் அவர். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மாதக்கணக்கில் தினமும் ஒருத்தி களைத்துப் போவாளா? நம்மோடு உட்காரப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஒரு எண்ணம் மெல்ல மெல்ல மனதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அது வந்துவிட்டால் பிறகு எதைப் பார்த்தாலும் அதற்குச் சாட்சியாகத்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை குடும்பம் சாப்பிட வந்திருந்தது. எல்லா விளக்கும் எரிந்தது. ஒரே பேச்சும் சிரிப்பும். பாதியில் மேகலா தட்டோடு எழுந்தாள். நான் பாயசக் கிண்ணங்களோடு வந்துகொண்டிருந்தேன். விருந்தாளிகள் முன்னால் இவள் எழுந்து போகக் கூடாதே என்று, மாடிப்படியைக் காட்டிச் சொன்னேன்: "மேலே போகாத கண்ணு, இங்கயே இரு."

அவள் என் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்தாள். தலையை ஆட்டினாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு நேராக மாடிக்கு ஏறிப் போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. போகாதே என்று நாலு பேர் முன்னால் கெஞ்சுகிறேன், மதிக்காமல் போகிறாளே! அன்றிலிருந்து நான் அவளிடம் தேவைக்கு மட்டும் பேசினேன். அவளும் அப்படியே. இரண்டு வாரம் கழித்து, அம்மா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், ஒரு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று சென்னிமலைக்குப் போனாள். ஒரு வாரம் மூன்று வாரமானது. பிரபு சனி ஞாயிறு அங்கே போவான். திரும்பி வந்தால் தட்டைப் பார்த்தபடியே சாப்பிடுவான்.

"ஏன்டா, எப்ப வர்றாளாம்?"

"தெரியலம்மா. எங்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. அங்க இருக்கறதே நல்லாருக்குங்கறா."

அன்று ராத்திரியே அவரிடம் சென்னிமலைக்குப் போகலாம் என்றேன்.

சென்னிமலைக்குப் போனோம்

பெட்ஷீட் எடுக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு நானும் அவரும் காரை எடுத்தோம். மலையடிவாரத்தில் அவர்கள் வீடு. போய்ச் சேரும்போது கோபுர விளக்குகள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எளிமையான வீடுதான். முன்னறையில் ஒரே ஒரு டியூப்லைட்; அதுவும் கூரையில் இல்லை, ஒரு பக்கச் சுவரில். மேகலா உள்ளிருந்து வந்ததும் ஒரு காரியம் நடந்தது. அவள் அப்பா எழுந்து நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜன்னலோரம் நின்ற அம்மா நகர்ந்து சுவருக்கு எதிரே பாயில் வந்து உட்கார்ந்தார். எங்களையும் அப்படியே திருப்பி உட்கார வைத்தார்கள். மேகலா மட்டும் டியூப்லைட்டுக்குக் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சுக்கூட நிற்கவில்லை.

பிறகு அவள் பேசிய பேச்சு! அப்பாவைக் கேலி செய்தாள். அம்மா பாதி சொல்லும்போதே மறித்து மீதியைச் சொன்னாள். பொழுது சாய்ந்த பிறகு என் மருமகள் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை.

"இந்நேரத்துல இத்தனை பேசுவாளா?" என்று சம்பந்தியம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

"வெளிச்சம் அவ முதுகுப் பக்கம் இருந்து எங்க மூஞ்சியில உழுகோணுங்க. அப்பத்தான் அவளுக்குத் தெரியும். தலைக்கு மேல பல்பு இருந்தா எங்க வாய் இருட்டாப் போயிருமாம். சின்னப் புள்ளைல அவ சொல்லித்தானுங்க டியூப்லைட்டைச் சுவத்துக்கு மாத்துனோம்."

மேகலாவுக்கு நேரே நகர்ந்து உட்கார்ந்தேன். என் முகத்தில் வெளிச்சம் விழுவது கன்னத்தில் உறைத்தது.

"எங்க ஊட்டுல உனக்கு நாங்க பேசறது தெரியறதில்லையா கண்ணு?"

"பகல்ல தெரியுங்க அத்தை. ராத்திரி சாப்பிடறப்ப நெத்தி மட்டும்தான் தெரியும்." தயங்கிவிட்டுச் சொன்னாள்: "முதல்ல சொல்லலாம்னுதான் நெனச்சேன். நீங்க அந்த லைட்டைத் தொடைச்சுத் தொடைச்சு வெப்பீங்க. சொல்ல மனசு வரலைங்க. அப்புறம் அன்னைக்கு ஒறம்பரை வந்தவங்க முன்னாடி நீங்களே மேலே போன்னு சொல்லிட்டீங்க. சரி, நான் உட்கார்ந்திருக்கறது உங்களுக்குச் சங்கடமா இருக்குதாட்ட இருக்குன்னு..."

"நான் போன்னு எப்ப சொன்னேன்? போகாதன்னுதானே சொன்னேன்!"

அவள் என் உதட்டையே பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"மேலே போகாத."

கண்ணை மூடித் திறந்தாள். "'மே'யும் 'போ'வும்தான் உதட்டுல வருதுங்க. 'காத' வாய்க்குள்ளயே முடிஞ்சுருது. மூஞ்சி தெரிஞ்சிருந்தா கோவமா பாசமான்னாவது கண்டுபிடிச்சிருப்பேன். அன்னைக்கு உங்க மூஞ்சியே தெரியலைங்க அத்தை."

இத்தனை நாளும் நான் போகச் சொன்னதாக நினைத்து அவள் அங்கே அழுதிருக்கிறாள். நான் சொன்னதை மதிக்காமல் போனாள் என்று நினைத்து நான் இங்கே புகைந்திருக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் அப்போது அழுததை எழுத வேண்டியதில்லை. அவர் மட்டும் ஒன்றும் புரியாமல், "ஏனுங்க, பெட்ஷீட் பார்க்கலாமுங்களா?" என்று சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

"ஊட்டுக்கு வா கண்ணு" என்றேன்.

"வாரேங்க. லைட்டை என்ன பண்றதுன்னு மட்டும் பாருங்க" என்றாள்.

மாதா சிரித்த பக்கம்

வீடுகளுக்கு வெளிச்சம் வடிவமைக்கிறவர்கள் என்று தனியாக ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. பிரபு விசாரித்து ஜெசிந்தாவின் நம்பரை வாங்கி வந்தான். போனில் பேசியதும் அவர் சொன்ன முதல் வார்த்தையிலேயே எனக்கு மரியாதை வந்துவிட்டது.

"பகல்ல வந்து பார்த்து ஒண்ணும் பிரயோசனம் இல்லீங்க. பொழுதோட வாரேன்."

நாற்பது வயது இருக்கும். பருத்திப் புடவை, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, தோளில் பெரிய பை. பைக்குள் விதவிதமான பல்புகள், நீள ஒயர், வெள்ளை சார்ட் பேப்பர், துணி மாட்டும் கிளிப்புகள். வந்தவுடன் வீட்டு விளக்கு எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். அரையிருட்டில் ஒவ்வொரு நாற்காலியிலும் போய் உட்கார்ந்து பார்த்தார். அதன் பிறகுதான் நான் முதலில் எழுதிய அந்த ஊமைப் பேச்சுப் பரீட்சை.

இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று காபி கொடுக்கும்போது கேட்டேன். அவருடைய அப்பா, அவர்கள் பங்குக் கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட் கட்டுகிறவராம்.

"தேர் ஜோடிக்கறப்ப நான் கூடவே நிப்பேனுங்க. கீழ இருந்து லைட் போட்டா மாதா கோபமா இருப்பாங்க. நேர் மேல இருந்து போட்டா அழுகறாப்புல இருக்கும். பக்கவாட்டுல கொஞ்சம் உசரத்துல இருந்து போட்டா சிரிப்பாங்க. அதே சொரூபந்தானுங்க, ஒரு மாத்தமும் இல்ல. எட்டு வயசுல அதைப் பார்த்துட்டு எனக்கு வேற எதுலயும் மனசு போகலைங்க."

நான் வகுப்பில் போட்ட கோடுகள் அனைத்தும் அந்த நாலு வாக்கியத்துக்குள் இருந்தன.

மறுநாள் மாலை மேகலா சென்னிமலையிலிருந்து வந்தாள். ஜெசிந்தா அவளை அவளுடைய நாற்காலியிலேயே உட்கார வைத்தார். "நான் சொல்றது ஒண்ணும் இல்லீங்க. நீங்க சொல்லுங்க, நான் பிடிக்கறேன்" என்றார்.

ஒயரின் நுனியில் ஒரு பல்பு. அதைச் சுற்றி சார்ட் பேப்பரை உருளையாகச் சுருட்டியிருந்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அறை முழுக்க நடந்தார். மேகலா எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே உத்தரவு போட்டாள். "இன்னும் கீழ. அந்தப் பக்கம். கூசுது, கொஞ்சம் பின்னாடி. நிறுத்துங்க! இப்ப மாமா பேசட்டும்."

மாமா சத்தமில்லாமல் வாயை அசைத்தார். அதற்குள் அவர் அதில் தேறிவிட்டிருந்தார்.

"மாதுளைக்கு மருந்து அடிச்சாச்சுன்னு சொல்றீங்க."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். அவரை அப்படிப் பார்ப்பது அபூர்வம்.

ஜெசிந்தாவிடம் நான் வியந்தது இதைத்தான். அவருக்குத் தெரியாத விஷயமா? ஆனால் அந்த ஒரு மணி நேரமும் என் மருமகள்தான் அந்த அறைக்கு எஜமானி. பல்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கை மட்டும்தான் தன் வேலை என்பது போல நடந்துகொண்டார்.

"அப்ப இந்தச் சரவிளக்கு?" என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். என்னைத்தான் பார்த்தார்.

"கழட்டிப்போடுங்க" என்றேன். அடுத்த நாள் ஜெசிந்தா அனுப்பிய எலக்ட்ரீசியன் ஏணி போட்டு ஏறி, கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தார். மனசு கனத்ததுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஏழு மணிக்கு எங்கள் வீடு

வேலை ஒரு வாரம் நடந்தது. மேசைக்கு நேர் மேலே பாலாடை நிறத்தில் ஒரு கண்ணாடி உருண்டை, தாழ்வாக. அது வெளிச்சத்தைக் கீழே கொட்டாமல் சுற்றிலும் பரப்புகிறது. இரண்டு பக்கச் சுவரிலும் முகத்துக்குச் சற்று மேலே சின்ன விளக்குகள். கறுப்புக் கண்ணாடி மேசைக்குச் சென்னிமலை வெள்ளை விரிப்பு. அதில் பட்ட வெளிச்சம் மேலேறி மீசை நிழலை எடுத்துவிடுகிறது. ஜன்னலுக்குத் திரை. அது மேகலாவே டிசைன் போட்டது, இலை பழுக்கும்போது வருமே, அந்த நிறம். பொய்த்தளத்து விளக்குகளில் பாதியை மூடிவிட்டார்கள். மீதியைக் கூட்டிக் குறைக்கலாம். வாசல் மணியை அழுத்தினால் ஹாலில் ஒரு விளக்கு இரண்டு தடவை கண் சிமிட்டும்.

முதல் நாள் மாலை எல்லாவற்றையும் போட்டதும் நான் அசந்துபோய் நின்றேன். அதே சுவர்தான், அதே சோபாதான். ஆனால் அறை எங்களைச் சற்று நெருங்கி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பித்தளைக் குத்துவிளக்கு மூலையில் நிற்பதே அன்றுதான் கண்ணில் பட்டது. அத்தனை நாள் பளபளப்பில் அது மறைந்து கிடந்திருக்கிறது. இன்னொன்றும் நடந்தது. யாரும் சொல்லாமலே அவர் குரல் பாதியாகக் குறைந்துவிட்டது. மண்டப வெளிச்சத்தில் மண்டபத்தில் பேசுகிற மாதிரி பேசினாரோ என்னவோ.

"எனக்குப் பேப்பர் படிக்க வெளிச்சம் பத்தலை" என்று இரண்டாம் நாளே புகார் சொன்னார். அவர் சாய்வு நாற்காலிக்கு மட்டும் தனியாக ஒரு நிற்கும் விளக்கு வந்தது. இப்போது அதை யாரும் தொடக் கூடாது.

விளக்கு மாறியதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். பிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவளிடம் பேசும் பழக்கம் எனக்கு லேசில் போகவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசக் கூடாது என்பதைப் பிரபுவும் அவன் அப்பாவும் படிக்க ஆறு மாதம் பிடித்தது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசினால் மேகலா கையைத் தூக்கிவிடுவாள். "முழுங்கிட்டுச் சொல்லுங்க மாமா." கட்டிக்கொண்ட நாள் முதலாக நான் சொல்லிக் கேட்காததை அவள் சொல்லிக் கேட்கிறார்.

பதினாலு பேர்

போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் ஒறம்பரை பதினாலு பேர். கோபியிலிருந்து என் பெரியப்பா மகளும் வந்திருந்தாள். எனக்கு அக்கா முறை. பிரபுவின் கல்யாணத்துக்கு வர முடியாதவள். மேகலாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

மாலை ஆறரை மணி இருக்கும். ஹாலில் டிவி, குழந்தைகளின் கத்தல், அவருடைய பட்டறைக் கதை எல்லாம் ஒன்றாகக் கலந்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழவில்லை. அக்கா தள்ளியிருந்த சோபாவில், சுவர் விளக்குக்குப் பக்கத்தில், தன் மகளோடு உட்கார்ந்திருந்தாள். மேகலா இந்தக் கோடியில் மேசையருகே காபியை டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அக்கா தன் மகளின் காதருகே சாய்ந்து ஏதோ கிசுகிசுத்தாள். என்ன சொன்னாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு சமையலறையில் மேகலா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. காது கேக்காதாமே. பிரபு பாவம்" என்றிருக்கிறாள்.

மேகலா காபித் தட்டை எடுத்துக்கொண்டு, பதினாலு பேருக்கும் நடுவில் புகுந்து, நேராக அக்காவிடம் போனாள். குனிந்து டம்ளரை நீட்டினாள். முகத்தில் துளிக் கோபம் இல்லை.

"அவரு பாவமெல்லாம் இல்லீங்க அத்தை. கல்யாணத்துக்கப்புறம் நாலு கிலோ கூடியிருக்காரு, பாருங்க."

அக்காவின் வாய் திறந்தபடியே நின்றது. பக்கத்திலிருந்த மகள்கூட அந்தக் கிசுகிசுப்பைச் சரியாகக் கேட்டிருப்பாளா என்பது சந்தேகம். முதலில் அக்கா முகம் சிவந்தது. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேகலாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "எப்புடி சாமி கண்டுபிடிச்ச?" என்று அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்.

சிரிப்பைப் பார்த்து மற்றவர்கள் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர் டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டு, "என்னாச்சு? அங்க என்ன நடக்குது?" என்று கேட்டார்.

மேகலா அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"ஒண்ணுமில்லீங்க மாமா. அத்தையும் நானும் பேசிட்டிருக்கோம்."